மருத்துவர் யாரையும் தெரியாத வீட்டிலிருந்து மருத்துவப் படிப்புக்கு

லண்டனில் 12ஆம் ஆண்டு படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அவள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். பள்ளியில் பணி அனுபவம் தேடச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பல மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி, அறுவை மருத்துவரான தன் மாமாவோடு ஒரு வாரம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். ‘எங்களுக்கு மருத்துவர் யாரையும் தெரியாது, எங்கே போய் யாரைக் கேட்பது?’ என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்கு அடியில் எழுதாத கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ஆள் தெரியாத ஒரே காரணத்தால் என் மகள் இப்போதே பின்தங்கிவிட்டாளா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் நெடுங்காலமாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். எங்கள் கிளினிக்குக்குப் பணி அனுபவம் கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் படிக்கிறவன். மருத்துவக் கல்லூரி நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவன். ஆனால் நான் உட்கார்ந்தது சில கல்லூரிகளில் மட்டுமே. ஒவ்வொரு கல்லூரியும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாற்றவும் செய்கிறது. ஆகவே எது எழுத்தில் இருக்கும் விதி, எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் மகள் விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் இணையதளங்களை அவளே திறந்து படிப்பதற்கு இந்தப் பதில் மாற்று ஆகாது.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் இது பற்றி ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அனுபவம் மருத்துவமனைக்குள்தான் கிடைக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. பிறரோடு பழகி, பிறருக்கு உதவும் வேலையாக இருந்தால் போதும். சம்பளத்துக்குச் செய்ததா, தொண்டாகச் செய்ததா என்பதும் பொருட்டில்லை. அடுத்தது நாள் கணக்கு. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு வழியாக ஒருவர் அதிகபட்சம் நான்கு மருத்துவப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் அக்டோபர் 15, மாலை 6 மணி. மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால் பல பெற்றோர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். 2026 சேர்க்கையிலிருந்து, விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி முன்பு ஒரே கட்டுரையாக எழுதிய பர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளுக்கான விடைகளாக மாறிவிட்டது. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்விதான் நம் விஷயம்: கல்விக்கு வெளியே உங்களைத் தயார்படுத்திக்கொள்ள என்ன செய்தீர்கள், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை? மாணவர்கள் முதல் பாதிக்கு நீளமாக விடை எழுதிவிட்டு, ‘ஏன்’ என்ற இடத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் போடும் கல்லூரிகளில் மதிப்பெண் இருப்பது அந்த ‘ஏன்’ என்பதில்தான்.

‘மதிப்பெண் போடும் கல்லூரிகளில்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சில கல்லூரிகள் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது இந்த எழுத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பள்ளித் தேர்வு முடிவுகளும் யூகேட் நுழைவுத்தேர்வும்தான் அங்கே கதவைத் திறக்கும். அனுபவம் வேலைக்கு வருவது நேர்காணல் அறைக்குள் போன பிறகு. எந்த அனுபவமும் குறைந்த மதிப்பெண்ணை ஈடுகட்டாது. வாரத்தில் நான்கு மாலைகள் தொண்டு செய்துவிட்டு வேதியியலில் சறுக்கினால் அந்தத் தொண்டு உதவிக்கு வராது. இதைக் கசப்பாகச் சொல்லவில்லை. நேரத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. எத்தனை மணி நேரம் வேண்டும்? எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான எண் கிடையாது. ‘நூறு மணி நேரம் இருந்தால்தான் எடுப்பார்கள்’ என்று யாராவது சொன்னால் எந்தக் கல்லூரி, எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று மணி நேரம் என்று ஆறு மாதம் ஒரே இடத்துக்குப் போவது, பெயர்பெற்ற மருத்துவமனையில் ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து. சக நேர்காணலாளர்கள் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்; ஆனால் இது விதி அல்ல.

இனி நீங்கள் தேடும் திசையைப் பற்றி. நீங்கள் மருத்துவர்களைத் தேடுகிறீர்கள். நோயாளிகளைத் தேடுங்கள் என்பேன். மருத்துவரின் பின்னால் நிற்பதற்கு ஆள் பழக்கம் தேவைப்படலாம். உதவி தேவைப்படும் மனிதரின் பக்கத்தில் உட்காருவதற்குத் தேவைப்படாது. முதியோர் இல்லம், குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான விடுமுறை முகாம், மருத்துவமனை வார்டு எல்லாம் ஆள் போதாமல்தான் நடக்கின்றன. தோழியின் தியேட்டர் வாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அறுவை சிகிச்சையை நேரில் பார்ப்பது எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையையும் உலுக்கும். ஆனால் நேர்காணலில் அதைச் சொல்ல வரும்போது பெரும்பாலானவர்களுக்கு, ‘இதயத்தைப் பார்த்தேன், வியப்பாக இருந்தது’ என்பதற்கு மேல் வாக்கியம் நகர்வதில்லை. மயக்கத்தில் இருக்கும் நோயாளியோடு அவர்களால் பேசியிருக்க முடியாது. ஓரமாக நின்று எதையும் தொடாமல் இருப்பதே அங்கே அவர்களுக்கு இட்ட வேலை.

இதற்கு மாறாக, பல மருத்துவமனைகளில் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் உணவு நேர உதவி என்ற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் சப்பென்று இருக்கும். வார்டுக்கு மதிய உணவு வருகிறது. தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்குப் பல இடங்களில் சிவப்புத் தட்டில் வைப்பார்கள். இவருக்கு உதவி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிவதற்காக. ஆனால் தட்டு வைத்த மேசை கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடி லாக்கருக்குள் இருக்கும். காது கேட்கும் கருவியில் பாட்டரி தீர்ந்திருக்கும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவருக்குத் தயிர்க் கிண்ணத்தின் மேல் ஒட்டிய தாளை உரிப்பதே பெரும்பாடு. சரி, பாவம் என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிடலாமா? கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் பழுதானவருக்குச் சாதாரணத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அதற்காகத்தான் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் வந்து சோதித்து, எந்தப் பதத்தில் நீரும் உணவும் கொடுக்கலாம் என்று எண் போட்டு எழுதி வைக்கிறார். 0 முதல் 7 வரை போகும் அந்த அளவுமுறை இன்று பல நாடுகளுக்குப் பொதுவானது. கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் அறிவிப்பைப் படிக்காமல், நர்ஸிடம் கேட்காமல் ஒரு கரண்டியும் நீட்டக் கூடாது என்று முதல் நாளே பயிற்சியில் சொல்லிவிடுவார்கள்.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு மாணவரிடம், ‘மருத்துவமனையில் குழுவாக வேலை செய்வது என்றால் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர், நர்ஸ், சிகிச்சையாளர், சமையலறை ஊழியர் ஆகியோரில் ஒருவர் ஒரு தகவலைத் தவறவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்வார். நோயாளியின் கண்ணியம் என்றால் என்ன என்று கேட்டால், ஊட்டிவிடுவதற்கு முன் ‘நான் உதவலாமா?’ என்று ஏன் கேட்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவார். இவை இணையத்தில் படித்து ஒப்பிக்கும் விடைகளைப் போல ஒலிப்பதில்லை. நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று ஒரு துணைக் கேள்வி போட்டாலே போதும், மனப்பாடம் செய்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

எதைக் கவனிக்க வேண்டும் என்று மகள் கேட்டால் ஒன்று சொல்லுங்கள். மருத்துவர் என்ன நோயைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்கட்டும். கெட்ட செய்தி சொல்ல வந்தவர் நின்றுகொண்டு சொன்னாரா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரா? தன் பெயரைச் சொன்னாரா? இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். முதியோர் மருத்துவரான கேட் கிரேஞ்சர் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தபோது, தன்னிடம் வந்த ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். ‘வணக்கம், என் பெயர் இது’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள் என்று 2013இல் அவர் தொடங்கிய இயக்கம் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். முழுவதும் பரவியது. 2016இல் அவர் இறந்துவிட்டார். அந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரு வார்டில் யார் பெயர் சொல்கிறார்கள், யார் சொல்வதில்லை, சொன்னபோது நோயாளியின் முகம் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

தேடிப் போவதற்கு முன் வீட்டுக்குள்ளும் பாருங்கள். இதைக் குறிப்பாக நம் குடும்பங்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதை விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை. அம்மம்மாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தது யார்? நினைவு தப்பிய தாத்தாவுக்கு மாத்திரைப் பெட்டியை நிரப்பி வைப்பது யார்? பராமரிப்புப் பொறுப்பும் அனுபவம்தான்; கல்லூரிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. மொழிபெயர்ப்பு விஷயத்தில் இன்னும் சாரம் இருக்கிறது. என்.எச்.எஸ். நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துதர வேண்டும். குடும்பத்தாரை, அதிலும் சிறுவர்களை, அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பதுதான் வழிகாட்டல். ஆனாலும் அவசரத்தில் பேத்தி பேசுகிறாள். பாட்டி சிறுநீர் கசிவதைப் பற்றிப் பேத்தி முன்னால் வாய் திறப்பதில்லை. ‘கட்டி’ என்று மருத்துவர் சொன்னதைப் பேத்தி கொஞ்சம் மென்மையாக்கிச் சொல்கிறாள். ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அது நெஞ்சுவலியாகி, எல்லோரும் இதயத்தின் பின்னால் ஓடுகிறார்கள். இதையெல்லாம் உள்ளிருந்து அறிந்த பெண்ணிடம் ரகசியம் காப்பதைப் பற்றியும், நோயாளியின் ஒப்புதலைப் பற்றியும் கேட்டால், தியேட்டரில் நின்ற எந்தப் பிள்ளையையும்விட ஆழமாகப் பேச முடியும். உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ‘எங்கே, யாரை’ என்பதற்கு வருகிறேன். மருத்துவமனைகளுக்கு எழுதியும் பதில் இல்லை என்றீர்கள். பெரும்பாலும் தவறான முகவரிக்குப் போயிருக்கும். மருத்துவமனையை நடத்தும் ஒவ்வொரு என்.எச்.எஸ். டிரஸ்டிலும் பொதுவாக இரண்டு தனித்தனி வாசல்கள் இருக்கும். ஒன்று பணி அனுபவத்தைக் கவனிக்கும் பிரிவு. இது சில நாட்கள் பார்வையாளராக இருக்க இடம் கொடுப்பது. ஆண்டின் குறிப்பிட்ட வாரங்களில் மட்டும் விண்ணப்பம் திறந்து, இடம் நிரம்பியதும் மூடிவிடும். உள்ளூர்ப் பள்ளி மாணவர்களுக்கே பல இடங்களில் முன்னுரிமை. மற்றது தன்னார்வலர் பிரிவு. இவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படலாம், ஆனால் சில மாதங்களாவது தொடர்ந்து வருவீர்களா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் 16 வயது நிறைந்திருக்க வேண்டும்; தியேட்டர், அவசரப் பிரிவு போன்ற இடங்களுக்கு 18 என்று வைத்திருக்கும் டிரஸ்டுகளும் உண்டு. மூத்த மருத்துவர் ஒருவரின் பெயரைத் தேடிப் பிடித்து எழுதினால், அவர் நல்லவராக இருந்தாலும் இந்தப் பிரிவுகளைத் தாண்டி யாரையும் உள்ளே அழைக்க அவருக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. பின்னணிச் சரிபார்ப்பு, தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சரிபார்ப்பு டி.பி.எஸ். எனப்படும், தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முடிவு வர வாரங்கள் ஆகலாம் என்பதால் ஜூலையில் வேலை வேண்டுமென்றால் ஜூலையில் விண்ணப்பித்தால் போதாது.

முதியோர் இல்லங்கள் இன்னும் எளிது. மின்னஞ்சலை விடுங்கள், மகள் ஒரு மாலை நேரில் போய் மேலாளரைப் பார்க்கட்டும். ‘வாரம் ஒரு நாள் வந்து பேச்சுத் துணையாக இருக்கலாமா, வாசித்துக் காட்டலாமா’ என்று கேட்டால் முகம் மலரும் மேலாளர்களே அதிகம். மறதி நோயாளி ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போது பத்தாவது விடையை எப்படிச் சொல்கிறோம் என்பதைக் கற்றுக்கொள்ள வேறு நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஹாஸ்பிஸ் பற்றி நம்மவர்களுக்குத் தயக்கம் உண்டு. சாவு வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று. சின்ன வயதினரை அவர்கள் நேராகப் படுக்கையருகே நிறுத்துவதில்லை. வரவேற்பு, தேநீர் வண்டி, தோட்டம், அவர்கள் நடத்தும் கடை என்று தொடங்குவார்கள். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸின் வரலாறே உங்கள் கேள்விக்கு ஒரு விடைதான். அவர் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனையின் சமூகப் பணியாளர். சாகும் நிலையில் இருந்தவர்களைப் பராமரித்த ஓர் இல்லத்தில் தன்னார்வலராகவும் இருந்தார். அங்கே பார்த்ததுதான் அவரை முப்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவம் படிக்க அனுப்பியது. 1957இல் மருத்துவரானார், 1967இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார்.

முதலுதவித் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் 10 முதல் 17 வயது வரை கேடட்டாகச் சேரலாம். முதலுதவி கற்றுக்கொடுத்து, பொது நிகழ்ச்சிகளில் வேலையும் கொடுப்பார்கள். மனம் உடைந்தவர்களின் அழைப்புகளைக் கேட்கும் சமரிட்டன்ஸ் தொண்டு அமைப்பின் தொலைபேசியில் பேச 18 வயது ஆக வேண்டும், ஆகவே அது பின்னாளைக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் தொண்டுதான். மருந்துக்கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ சம்பளத்துக்கு நின்று, கோபமாக வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியதும் பேசத் தகுந்த அனுபவம். சம்பளம் தேவைப்படும் வீட்டுப் பிள்ளை தொண்டு செய்ய நேரமில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

குடும்ப மருத்துவர் கிளினிக்குகளைப் பற்றி உள்ளே இருப்பவனாகச் சொல்கிறேன். பெரும்பாலான கிளினிக்குகள் மருத்துவர்களே பங்குதாரர்களாக நடத்துபவை. ஆகவே முடிவு அங்கேயே எடுக்கப்படுகிறது. எழுத வேண்டியது மருத்துவருக்கு அல்ல, கிளினிக்கின் நிர்வாகத்தைக் கவனிக்கும் பிராக்டிஸ் மேனேஜருக்கு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் மறுத்தால் மனம் நோக வேண்டாம். அங்கே வரும் நோயாளிகள் உங்கள் அண்டை வீட்டார், பள்ளி ஆசிரியர், தோழியின் அம்மா. அவர்களுடைய ரகசியம் கருதியே உள்ளூர் மாணவர்களைப் பல கிளினிக்குகள் எடுப்பதில்லை. சற்றுத் தள்ளி இருக்கும் பகுதிகளுக்கு எழுதுங்கள். மன்னிக்கவும், ‘எழுதுங்கள்’ என்று உங்களைச் சொல்லவில்லை, மகளைச் சொல்கிறேன். அப்பாவோ அம்மாவோ எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதைப் படிக்கும் மேனேஜருக்கு, வரப்போகிறவளுக்கு ஆர்வமா, வீட்டாருக்கு ஆர்வமா என்ற சந்தேகம் வரும். கடிதம் சிறியதாக இருக்கட்டும்: நான் யார், எந்தப் பள்ளி, எந்தத் தேதிகளில் வர முடியும், ஆலோசனை அறைக்குள் விட முடியாவிட்டால் வரவேற்பறையில் கோப்பு அடுக்கவும் தயார் என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்கு மதிப்பு அதிகம். வரவேற்பறையில் ஒரு திங்கட்கிழமைக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசிகள் அடிப்பதைக் கேட்டவள், இந்த நாட்டு மருத்துவத்தின் நெருக்கடியை எந்தக் கட்டுரையையும் படிக்காமலே புரிந்துகொள்வாள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை தொலைபேசியில் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இணைய வழி அனுபவம் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். குடும்ப மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸ் நடத்தும் அப்சர்வ் ஜி.பி. என்ற இணையப் பயிற்சி, 16 வயது நிறைந்த மாணவர்களுக்கு இலவசம். குடும்ப மருத்துவரின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று காணொளிகளில் காட்டுகிறது. பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் பல துறைகளைக் காட்டும் இணையப் பயிற்சியை இலவசமாக வைத்திருக்கிறது. கொரோனாக் காலத்திலிருந்து கல்லூரிகள் இவற்றை ஏற்றுக்கொள்கின்றன. இவற்றை ஆரம்பப் படியாகச் செய்துவிட்டு, மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அதே சமயம், பணம் வாங்கிக்கொண்டு ‘மருத்துவ அனுபவச் சான்றிதழ்’ தரும் நிறுவனங்களில் நீங்கள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டாதீர்கள். எந்தக் கல்லூரியும் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. இலவசமாகக் கிடைப்பதையே அழகான அட்டையில் விற்கிறார்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உறவினரின் மருத்துவமனையில் கோடை விடுமுறையைக் கழிக்கலாமா? போகலாம். இரண்டு நாட்டு முறைகளை ஒப்பிட்டுப் பேச அது நல்ல வாய்ப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அன்பின் மிகுதியால் ‘இந்தா, நீயே ஊசி போடு’ என்று யாராவது கையில் கொடுத்தால் வாங்கக் கூடாது. பிரிட்டனில் செய்ய அனுமதி இல்லாத எதையும் வேறு நாட்டு நோயாளியின் உடம்பில் பழகிப் பார்க்கக் கூடாது. அதைப் பெருமையாக நேர்காணலில் சொன்னவர்கள் உண்டு. அறையின் வெப்பநிலை அந்த நொடியே மாறிவிடும். படுத்திருப்பவர் ஏழை என்பதால் அவருடைய ஒப்புதல் தேவையில்லை என்று இந்தப் பிள்ளை நினைத்ததா என்பதுதான் அப்போது எங்கள் மனத்தில் ஓடும் கேள்வி.

எங்கே போனாலும் அன்றிரவே நான்கைந்து வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். அக்டோபரில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாட்களும் ஒன்றாகக் கலந்துவிடும். என்ன பார்த்தேன், என்ன புரியவில்லை, எது சங்கடப்படுத்தியது, அதன் பிறகு எதை வேறு மாதிரி செய்தேன் என்ற அளவில் போதும். நோயாளியின் பெயர், ஊர், வேலை, அடையாளம் காட்டும் அரிய நோய் எதுவும் அந்தக் குறிப்பேட்டில் வரக் கூடாது. சமூக ஊடகத்தில் வார்டுப் படம் கூடவே கூடாது. அந்த வரிகளில் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று அடிக்கடி வந்தால் அதையும் மதியுங்கள். வார்டு வாடையும், சலிப்பும், நாள் முழுக்க நிற்பதும் தனக்கு ஒத்துவராது என்று பதினேழு வயதில் ஒருத்தி கண்டுபிடிப்பது நல்ல முடிவு. இருபத்தைந்தில் கண்டுபிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திரும்பும் வழி மிக நீளம்.

கால அட்டவணையை ஒரு முறை பார்த்துவிடுவோம். 12ஆம் ஆண்டின் கோடையில் யூகேட் வந்துவிடும். அது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடக்கும். அதன் ஒரு பகுதியே சிக்கலான சூழலில் எப்படி நடந்துகொள்வாய் என்று கேட்பது, அங்கே வார்டு அனுபவம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆகவே தொடர்ந்து செய்யும் தொண்டை இப்போதே தொடங்கி, தேர்வுக் காலத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தி, பிறகு மீண்டும் போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சொல்லாமல் நிற்பவர்களை அந்த இடத்தார் மறப்பதில்லை. பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போகும்போது அது தெரியும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் யூகேட் கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு. கல்வித் தொண்டு நிறுவனமான சட்டன் டிரஸ்ட் நடத்தும் பாத்வேஸ் டு மெடிசின் போன்ற திட்டங்கள் மருத்துவர் யாரையும் தெரியாத பிள்ளைகளுக்காகவே இருப்பவை. 12ஆம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பள்ளியின் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஆண்டு இடம் கிடைக்காமல் போகலாம். நல்ல மாணவர்கள் பலருக்கு முதல் முறை கிடைப்பதில்லை. அப்போது ஓராண்டு ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டாகச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, கழிவறைக்குக் கூட்டிச் செல்வது, ரத்த அழுத்தம் எடுப்பது, இரவு மூன்று மணிக்கு மணி அடித்தால் எழுந்து போவது என்று கடினமான வேலை. அந்த ஓராண்டு முடித்து வருகிறவர்கள் மருத்துவக் கல்லூரியின் முதல் நாளிலேயே நோயாளியைத் தொட்டுப் பேசத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். இந்த இடங்கள் என்.எச்.எஸ். ஜாப்ஸ் இணையதளத்தில் வரும். போதுமான விண்ணப்பங்கள் சேர்ந்ததும் அறிவித்த தேதிக்கு முன்பே மூடிவிடுவதும் உண்டு. ஆகவே உங்கள் பகுதியின் பெயரைப் போட்டு அறிவிப்பு வரும்படி இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளலாம்.